இரண்டு மாத ஊசிக்கு முந்திய நாட்கள்: குக்கல் இருமலும் தாய்க்குரிய ஊசியும்

பிள்ளையோடு ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது பீ.சி.ஜி. ஊசி போட்டாயிற்று என்று கார்டில் பதிந்து தருவார்கள். அது காசநோய்க்கு. குக்கலுக்கு, அதாவது கக்குவான் இருமலுக்கு, எதிரான முதல் மருந்து, ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டா ஊசியில்தான் இருக்கிறது. அது இரண்டு மாதம் முடிந்த பிறகுதான் வரும். அடுத்தவை நான்காம், ஆறாம் மாதங்களில். முதல் ஊசியால் மட்டும் முழுப் பாதுகாப்பு வந்துவிடாது. ஆகவே பிறந்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதம் வரை, குக்கல் உயிரைப் பறிக்கக்கூடிய அதே வயதில், பிள்ளையிடம் சொந்தமாக எதிர்ப்புச் சக்தி மிகக் குறைவு. அந்த நாட்களில் பிள்ளையைக் காப்பது தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாகக் கடந்துவரும் எதிர்ப்பொருள்தான். தாயிடம் அது போதுமான அளவில் இருந்தால்தான் பிள்ளைக்கும் கிடைக்கும்.

இலங்கைத் தாய்மாரிடம் அது போதிய அளவில் இருப்பதில்லை. காரணம் நமது தடுப்பூசி அட்டவணையிலேயே தெரியும். 18 மாதத்தில் போடும் முக்கூட்டு ஊசிதான் குக்கல் மருந்து சேர்ந்த கடைசி ஊசி. ஐந்து வயதில் போடுவதில் தொண்டைக்கரப்பானுக்கும் (டிப்தீரியா) ஏற்புவலிக்கும் (டெட்டனஸ்) மட்டுமே மருந்து உண்டு. பிறகு பாடசாலையில் போடுவதும் அப்படித்தான். குக்கல் ஊசியின் பாதுகாப்பு சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். இயற்கையாக நோய் வந்து தேறியவர்களுக்குக்கூட அது ஆயுள் முழுக்க நிற்பதில்லை. முப்பது வயதுத் தாய், முப்பத்தைந்து வயதுத் தகப்பன், அறுபது வயது அம்மம்மா, எட்டு வயது அக்கா என்று பிள்ளையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோருமே குக்கலைப் பொறுத்தவரை ஏறக்குறைய வெறுங்கையோடுதான் நிற்கிறார்கள். இவர்களுக்கு வந்தால் இரண்டு மூன்று வாரம் விடாத இருமல், இரவில் கூடும், சிலவேளை இருமி இருமி வாந்தி. "தடிமன் பிடிச்சது, இன்னும் விடேல்ல" என்று சொல்லிக்கொண்டு வேலைக்குப் போய் வருவார்கள். அதே கிருமி ஒரு மாதப் பிள்ளைக்குப் போனால் மூச்சு நின்றுபோகும்.

கிளினிக்குகளில் திரும்பத் திரும்பக் காணும் குழப்பம் ஒன்று உண்டு. "நான் ரெண்டு ஊசியும் போட்டனான் மிஸ்ஸி" என்று தாய்மார் சொல்வார்கள். அவர்கள் சொல்வது கர்ப்ப காலத்தில் போடும் ஏற்பு ஊசியை. முதற்பிள்ளை என்றால் மூன்று மாதம் கடந்த பிறகு ஒன்று, ஆறு தொடக்கம் எட்டு வாரம் கழித்து மற்றது. தாயையும் பிறந்த பிள்ளையையும் ஏற்புவலியிலிருந்து காக்கும் மிக நல்ல ஊசி அது, கட்டாயம் போட வேண்டும். ஆனால் அதில் குக்கல் மருந்து இல்லை. தொண்டைக்கரப்பான் மருந்து சேர்ந்த வகையிலும் இல்லை. குக்கலுக்கும் சேர்த்துப் போடும் பெரியவர்களுக்கான ஊசியின் பெயர் டீடாப். உலகச் சந்தையில் பூஸ்ட்ரிக்ஸ், அடாசெல் என்ற பெயர்களில் வருவது இதுதான். இது நமது அரச கிளினிக் அட்டவணையில் இல்லாதது. தனியாரிடம் பணம் கொடுத்தே போட வேண்டும். பலருக்கு இது தெரியாமலே போவதற்கு அதுதான் காரணம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு என்பது சரியல்ல. என்றைக்காவது இது அரச கிளினிக்கிலும் கிடைக்க வேண்டும். அதுவரை, முடிந்தவர்கள் கேட்டுப் போடுவதும், கேட்கவேண்டியது என்ன என்பதை அறிந்திருப்பதும் நல்லது.

எப்போது போடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. அமெரிக்க வழிகாட்டல் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 27ஆம் வாரத்துக்கும் 36ஆம் வாரத்துக்கும் இடையில், அதிலும் முற்பகுதியில் என்கிறது. இங்கிலாந்தில் 2012 ஒக்டோபரில் இந்தத் திட்டம் தொடங்கியது. அங்கே இப்போது 16ஆம் வாரத்திலிருந்தே போடுகிறார்கள், பெரும்பாலும் இருபதாம் வாரத்து ஸ்கேன் முடிந்த கையோடு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஊசி போட்ட பிறகு தாயின் உடலில் எதிர்ப்பொருள் உச்சத்துக்கு வர ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும். அது நச்சுக்கொடியைக் கடந்து பிள்ளையிடம் சேர்வது கடைசி மூன்று மாதங்களில்தான் வேகம் பிடிக்கும். மிகப் பிந்திப் போட்டால் கடப்பதற்கு நாள் போதாது. பிள்ளை குறைமாதத்தில் பிறந்தால் இன்னும் குறைவாகவே கிடைக்கும். இரட்டைப் பிள்ளை, முன்னர் குறைமாதப் பிரசவம், பிரஷர் என்று ஏதாவது இருந்தால் 27 வாரம் வரை காத்திருப்பதா, முந்திப் போடுவதா என்று வி.ஓ.ஜி.யிடம், அதாவது மகப்பேற்று நிபுணரிடம், நேரடியாகக் கேளுங்கள். 36 வாரம் தாண்டிவிட்டால் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. பிள்ளைக்குக் கடப்பது குறையும், ஆனால் தாய்க்கு நோய் வராமல் காக்கும் பயன் மிஞ்சும்.

பலன் எவ்வளவு? இங்கிலாந்தில் திட்டம் தொடங்கிய பிறகு செய்த ஆய்வில், மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு பாதுகாப்புக் கண்டார்கள். தாய்மாரிடையே ஊசி போடுவது குறைந்து நோயும் மீண்டும் பெருகிய 2024இல், அதே நாட்டில் பத்துக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் குக்கலால் இறந்தன.

ஏற்பு ஊசியோடு இதை எப்படிப் பொருத்துவது என்று நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். டீடாப்பில் ஏற்பு மருந்தும் இருப்பதால், முதற்கர்ப்பத்தில் இரண்டாவது ஏற்பு ஊசிக்குப் பதிலாக டீடாப்பைப் போடலாம். இந்த ஒழுங்கை வி.ஓ.ஜி.யும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக் வைத்தியரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தனியார் இடத்தில் டீடாப் போட்ட அடுத்த வாரமே, கிளினிக்கில் கார்டைப் பார்த்து ஏற்பு ஊசி நிலுவை என்று இன்னொன்று போடுவார்கள். அதனால் ஆபத்தென்று இல்லை, கை நன்றாக வீங்கி நோகும். ஆகவே டீடாப் போட்ட இடத்திலேயே ஊசியின் பெயர், தொகுதி எண், திகதி, கையொப்பம் நான்கையும் கர்ப்பிணிக் கார்டில் எழுதி வாங்குங்கள். தனியான ரசீதை மட்டும் வாங்கி வருவது போதாது. அது அடுத்த கிளினிக் நாளில் வீட்டு லாச்சிக்குள் இருக்கும்.

கொழும்பில் இதைத் தேடுபவர்கள் நேரே போவதற்கு முன் தொலைபேசியில் கேட்பது நல்லது. இருப்பு எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. "கர்ப்பிணிக்கு ட்ரிபிள் ஊசி இருக்கா?" என்று கேட்டால் வரவேற்பு மேசையில் இருப்பவர் சிறுபிள்ளைகளின் முக்கூட்டு ஊசியை நினைத்துக்கொண்டு ஓம் என்பார். அது பெரியவர்களுக்கானதல்ல. "பெரியவர்களுக்குப் போடும் டீடாப், குக்கல் மருந்தும் சேர்ந்தது" என்று சொல்லுங்கள். விலையைக் கேட்கும்போது ஊசியின் விலை, போடும் கட்டணம், வைத்தியரைச் சனல் பண்ணும் கட்டணம் மூன்றும் சேர்த்தா என்று கேளுங்கள். வழமையாகப் பார்க்கும் வி.ஓ.ஜி. எழுதித் தந்த துண்டோடு போனால் தடுப்பூசிப் பிரிவிலேயே வேலை முடியக்கூடும், இரண்டாவது வைத்தியரைப் பார்க்கத் தேவையிராது.

மருந்துக்கடையில் வாங்கி வேறிடத்துக்குக் கொண்டுபோய்ப் போடும் பழக்கம் இந்த ஊசிக்கு வேண்டவே வேண்டாம். இது 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டிய மருந்து. கொழும்பு வெயிலில் ஓட்டோவில் ஹான்ட்பேக்குக்குள் வைத்துக் கொண்டுபோவது ஒரு பிழை என்றால், ஐஸ் பைக்கற்றோடு ஒட்டவைத்துக் கொண்டுபோவது அதைவிடப் பெரிய பிழை. மருந்தில் அலுமினியச் சேர்மானம் உண்டு. உறைந்தால் அது திரண்டு, மருந்து பயனற்றுப் போகும். வெளியே பார்க்க அவ்வளவு வித்தியாசம் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கும் இடத்திலேயே போடுங்கள். போடுபவர் குலுக்கிய பிறகு மருந்து வெண்மையாக, ஒரே சீராகக் கலங்கியிருக்க வேண்டும். குலுக்கியும் கட்டி கட்டியாக நின்றால் போட விடாதீர்கள். லேபிளை ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். நல்ல தாதி கேளாமலே காட்டுவார்.

அளவு 0.5 மில்லிலீற்றர், மேற்கைத் தசையில். பிறகு 20 நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும். அடுத்த ஓரிரு நாள் கை நோகும், கொஞ்சம் சிவக்கும், உடம்பு அலுப்பாக இருக்கும். வழமையாகப் படுக்கும் பக்கத்துக்கு எதிர்க் கையில் போட்டுக்கொண்டால் இரவில் நிம்மதி. ஏழு மாத வயிற்றோடு திரும்பிப் படுப்பது சும்மாவே பாடு. இலேசான தடிமன் ஊசிக்குத் தடையில்லை, நல்ல காய்ச்சல் என்றால் மாறும்வரை பொறுக்கலாம். முன்பு இதே வகை ஊசிக்கு மூச்சுத்திணறல், முகம் வீங்குதல் போன்ற கடும் ஒவ்வாமை வந்திருந்தால் போடக்கூடாது. குக்கல் மருந்து சேர்ந்த ஊசிக்குப் பின் ஏழு நாளுக்குள் வேறு காரணமில்லாமல் நினைவிழப்பு, தொடர் வலிப்பு வந்திருந்தாலும் அப்படியே. கில்லன் பாரே என்ற நரம்புத் தளர்ச்சி நோய் வந்தவர்கள் வைத்தியரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும். ஃப்ளூ ஊசியும் அன்றைக்கே மற்றக் கையில் போடலாம்.

கர்ப்ப காலத்தில் தவறிப்போனவர்கள் நிறைய. இதற்கு முன் ஒருபோதும் டீடாப் போட்டிராத தாய், பிள்ளை பிறந்ததும் தாமதிக்காமல் போட்டுக்கொள்ளலாம். முடிந்தால் வீடு திரும்புவதற்கு முன்பே. தாய்ப்பால் கொடுப்பதற்கு இது எந்தத் தடையுமில்லை, சிசேரியன் காயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்த ஊசி செய்வதும் செய்யாததும் தெளிவாக விளங்க வேண்டும். நச்சுக்கொடி பிரிந்த பிறகு பிள்ளையின் இரத்தத்துக்கு எதிர்ப்பொருள் போக வழி இல்லை. தாய்ப்பாலில் கொஞ்சம் போகும், அது ஒன்றையே நம்பி இருக்க முடியாது. பிரசவத்துக்குப் பின் போடும் ஊசி தாய்க்கு நோய் வராமல் காத்து, தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வழியை அடைக்கும். அதற்கும் இரண்டு வாரம் எடுக்கும். கர்ப்பத்தில் போடுவதற்கு ஈடாக இதைச் சொல்ல முடியாது, தவறியவர்களுக்கு அடுத்த நல்ல வழி அவ்வளவுதான்.

அமெரிக்காவில் கைக்குழந்தைகளுக்குக் குக்கல் யாரிடமிருந்து வந்தது என்று தேடிய ஆய்வு ஒன்றில், மூலம் தெரியவந்தவற்றில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடப்பிறந்த பிள்ளைகள், ஐந்தில் ஒன்று தாய், பத்தில் ஒன்று தகப்பன். ஆகவே வீட்டில் யாருக்கு ஊசி என்று பணத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதானால் முதலில் கர்ப்பிணித் தாய்க்கு. அதன் பிறகு, பிள்ளையை அதிக நேரம் தூக்கி வைத்திருக்கப் போகிறவருக்கு. அது சில வீடுகளில் தகப்பன், பெரும்பாலான வீடுகளில் பிள்ளைப்பெறு பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து நிற்கும் அம்மம்மா. அவர் பிரசவத் திகதிக்கு இரண்டு வாரம் முன்னதாகவாவது போட்டிருக்க வேண்டும். ஐந்து வயதை எட்டும் மூத்த பிள்ளைக்கு அந்த வயது ஊசியைக் குக்கல் மருந்து சேர்ந்த வகையாகத் தனியாரிடம் போடலாமா என்று பிள்ளை வைத்தியரிடம் கேட்கலாம். இருந்தாலும், ஊசி போட்டவர் கிருமியைக் காவவே மாட்டார் என்று உறுதியில்லை. சுற்றியிருப்பவர்களுக்கு மட்டும் போட்டுவிட்டுத் தாய்க்குப் போடாமல் விடுவது தலைகீழான வேலை.

விருந்தினர் விஷயம் நம் வீடுகளில் தனிச் சிக்கல். துடக்கு என்று சொல்லி ஒரு மாதம் ஆட்கள் வராமல் இருப்பது பிள்ளைக்கு நல்லதாகவே அமைகிறது. ஆனால் முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிந்ததும் வெள்ளவத்தை ஃப்ளாட்டின் சின்ன ஹோலுக்குள் நாற்பது பேர் கூடி, பிள்ளை கைமாறிக் கைமாறிப் போகும். அந்த நாளில் பிள்ளைக்கு முதல் பென்டாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. சடங்கை வீட்டு ஆட்களோடு செய்து, பெரிய விருந்தை மூன்றாம், நான்காம் மாதத்துக்குத் தள்ளிவைப்பது யாரையும் நோகடிக்காத வழி. இருமலோடு வருபவரைத் தடுப்பதுதான் கடினம். தாய் சொல்வதைவிட அம்மம்மாவோ தகப்பனோ முன்கூட்டியே போனில் சொன்னால் மனத்தாங்கல் குறைவு: "அண்ணி, உங்களுக்கு இருமல் விட்டாப் பிறகு ஆறுதலா வாங்கோ. பிள்ளைக்கு ரெண்டு மாத ஊசி இன்னும் போடேல்ல, டொக்டர் கவனமாம் எண்டவர்." டொக்டரின் தலையில் போடுவதில் பிழையில்லை, எந்த டொக்டரும் அதையே சொல்வார். லண்டனிலிருந்தும் டொரோண்டோவிலிருந்தும் லீவுக்கு வருபவர்களிடம் அங்கேயே டீடாப் போட்டுக்கொண்டு வரச் சொல்லலாம். வீட்டு வேலைக்கு வருபவரை மறக்க வேண்டாம், அவருடைய செலவை வீட்டார் ஏற்பதே முறை.

பிள்ளையின் சொந்த ஊசியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சளி, பிள்ளை சின்னன், ஊருக்குப் போகிறோம் என்று இரண்டாம் மாத ஊசி மூன்றாம் மாதத்துக்குப் போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே போகும். அது முடிவதற்குள் பிள்ளையின் சொந்தப் பாதுகாப்பு தொடங்கியிருக்க வேண்டும். குறைமாதப் பிள்ளைக்கும் பிறந்த திகதியிலிருந்தே இரண்டு மாதம் எண்ண வேண்டும், எதிர்பார்த்த திகதியிலிருந்து அல்ல. எடை குறைவு என்று நீங்களாகவே பிந்திப்போடக் கூடாது. பென்டா வகை மருந்தை ஆறு வார வயதிலிருந்தே போடலாம். வீட்டில் மூத்த பிள்ளை இருமிக்கொண்டிருக்கும் நிலையில் முந்திப் போடுவதா என்று வைத்தியரிடம் கேட்பது பொருத்தம்.

ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம். பரசிற்றமோல் சிறப் கொடுக்குமுன் போத்தலில் செறிவைப் பாருங்கள். வழமையான சிறப்பில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். ஒரு கிலோ எடைக்கு ஒரு தடவைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில், 5 கிலோப் பிள்ளைக்கு 2 முதல் 3 மில்லிலீற்றர் வரும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். செறிவு கூடிய சொட்டு மருந்தும் உண்டு, அதை இந்த அளவில் கொடுத்தால் நஞ்சாகும். கிளினிக்கிலேயே மிட்வைஃபிடம் அன்றைய எடைக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று கேட்டு கார்டின் ஓரத்தில் எழுதி வாங்குங்கள். இரண்டு நாள் கடந்தும் காய்ச்சல், மூன்று மணித்தியாலம் விடாத அழுகை, பிள்ளை துவண்டுபோதல் என்றால் உடனே காட்ட வேண்டும்.

நோயின் அடையாளங்களில் பெரும்பாலானோர் ஏமாறும் இடம் ஒன்று. குக்கல் என்றால் இருமல் முடிவில் கூவுவதுபோல் மூச்சிழுக்கும் சத்தம் வரும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் அந்தச் சத்தம் பெரும்பாலும் வராது. அப்படி இழுக்கும் வலு அந்த நெஞ்சுக்கு இல்லை. முதல் ஒன்று இரண்டு வாரம் மூக்கொழுகல், இலேசான இருமல், காய்ச்சல் இல்லை அல்லது மெத்தக் குறைவு. பிறகு பால் குடிக்கும்போது திக்குமுக்காடுதல், முகம் சிவந்து பின் கறுத்து நீலமாதல், இருமலுக்குப் பின் வாந்தி, சில விநாடி மூச்சு நின்றுபோதல். சில பிள்ளைகளுக்கு இருமலே இல்லாமல் மூச்சு நிற்பதுதான் முதல் அறிகுறி. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில், குக்கல் வந்து ஆஸ்பத்திரியில் சேரும் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் மூன்றில் இருவருக்கு மூச்சு நிற்கிறது, ஐந்தில் ஒருவருக்கு நியூமோனியா, நூற்றில் ஒருவர் இறக்கிறார்.

நீலம் பாரித்தல், மூச்சு நிற்றல், பால் குடிக்க மறுத்தல் மூன்றில் எது வந்தாலும் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், அல்லது பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அவ்வளவுக்குப் போகாத இருமல் என்றால் முதலில் பிள்ளை இருமுவதை ஒரு தடவை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். வைத்தியர் பார்க்கும் நேரத்தில் பிள்ளை அமைதியாக நித்திரை கொள்ளும், நெஞ்சும் சுத்தமாகக் கேட்கும். அரை நிமிட வீடியோ நோயை அவருக்குக் கண்முன் காட்டிவிடும். வீட்டில் யாருக்கு, எத்தனை நாளாக இருமல் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். இருமல் சிறப், தேன், உரை மருந்து எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது தனியாகவே ஆபத்து. குளிப்பாட்டிய பின் தலைக்குக் காட்டும் சாம்பிராணிப் புகையையும் நிறுத்துங்கள், புகை பட்டாலே அடுத்த இருமல் தொடங்கிவிடும். இருமும்போது பிள்ளையைச் சற்று முன்சாய்த்து நிமிர்த்திப் பிடித்து, வரும் சளியைத் துடைத்துவிடுங்கள். பால் சிறிது சிறிதாக, அடிக்கடி. வாந்தி எடுத்தால் கொஞ்சம் ஆறவிட்டுத் திரும்பக் கொடுக்கலாம்.

மூக்கின் உள்ளாழத்திலிருந்து எடுக்கும் மாதிரியைப் பி.சி.ஆர். செய்து நோயை உறுதிப்படுத்துவார்கள், இருமல் தொடங்கி மூன்று வாரத்துக்குள் எடுத்தால்தான் நன்றாகத் தெரியும். இரத்தத்தில் வெள்ளணு மிகக் கூடியிருப்பதும் ஒரு தடயம். மருந்து அசித்ரோமைசின், முடிவு வரும்வரை காத்திராமல் தொடங்குவது வழக்கம். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் நோயின் கடுமை குறையும். பிந்தினால் இருமல் அதன் போக்கில் நீடிக்கும், மற்றவர்களுக்குப் பரவுவது மட்டும் நிற்கும். மருந்து தொடங்கி ஐந்து நாளில் தொற்றும் தன்மை போய்விடும். மருந்து எடுக்காதவர் மூன்று வாரம் வரை பரப்பிக்கொண்டே இருப்பார். குக்கல் அறிவிக்க வேண்டிய நோய் என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வரலாம். வீட்டில் உள்ள எல்லோருக்கும், ஊசி போட்டவர்களுக்கும் சேர்த்து, தடுப்பாக அதே மருந்தைத் தருவது இருமல் தொடங்கி 21 நாளுக்குள் பயன்படும். தாய்க்கே நோய் என்றால் முகக்கவசம் போட்டுக் கை கழுவிக்கொண்டு பால் கொடுக்கலாம், பாலை நிறுத்தத் தேவையில்லை. அடுத்த பிள்ளை வயிற்றில் வந்தால், இடைவெளி ஒரு வருடமோ இரண்டு வருடமோ, டீடாப்பைத் திரும்பவும் அந்தக் கர்ப்பத்துக்கென்று போட வேண்டும்.